மந்திரவாதி வந்தான்; வாசகருக்குக் கோபம் வந்தது!

ஈரோடு என்றால் மஞ்சள் மண்டியும் ஜவுளிச் சந்தையும் ஞாபகத்துக்கு வருவது வழக்கம். ஆனால் ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் அந்த ஊரில் மஞ்சள் மணத்தோடு அச்சு மையின் மணமும் கலந்துவிடுகிறது. மக்கள் சிந்தனைப் பேரவையார் 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய புத்தகத் திருவிழாவே அதற்குக் காரணம். கோயமுத்தூர், திருப்பூர், கரூர், கோபிசெட்டிபாளையம் என்று கொங்கு நாட்டின் நாலு மூலைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து சேருகிறார்கள். திருக்குறளுக்கு உரை வாங்குவோர் ஒரு பக்கம். சமையல் புத்தகம் புரட்டுவோர் ஒரு பக்கம். ஒன்றுமே வாங்காமல் பஜ்ஜி மட்டும் தின்றுவிட்டு வீடு திரும்புவோர் இன்னொரு பக்கம்.

இந்தக் கூட்டத்தில் ஒரு தனி ஜாதி உண்டு. ஜாதி என்றால் பிறப்பினால் வந்த ஜாதி அன்று. படிப்பினால் வந்த ஜாதி. சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்னும் சித்திரக் கதைப் புத்தகங்களின் வாசகர்கள் அவர்கள். பல ஆண்டுகளாகத் திருவிழாவை ஒட்டி ஈரோட்டில் ஒன்றுகூடி வருகிறார்கள். சிறுவர் கூட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலோருக்குத் தலை நரைத்திருக்கிறது; சிலருக்கு நரைப்பதற்கும் ஒன்றும் மிச்சமில்லை! பெண்ணுக்குக் கலியாணம் செய்து கொடுத்தவர்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்கள், சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்கள். இவர்கள் கூடிவிட்டால் உலக விஷயங்கள் எல்லாம் ஒதுங்கி நின்றுகொள்ளும். சாகஸ வீரர்களின் யோக க்ஷேமந்தான் பேச்சு.

அந்தப் பேச்சில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு வழக்கைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன். துப்பாக்கியையும் தோள்வலியையும் நம்பி வாழும் ஒரு வீரனுடைய கதைக்குள் மந்திரமும் மாயமும் நுழையலாமா, கூடாதா என்பதுதான் அந்த வழக்கு.

வாதியும் பிரதிவாதியும்

வழக்கில் அகப்பட்டுக்கொண்டவர் டெக்ஸ் வில்லர் என்னும் கதாநாயகர். பிறந்த தேசம் இத்தாலி, வருஷம் 1948. ஜியான் லூயிஜி பொனெல்லி கதை எழுத, கலெப் என்று புகழ்பெற்ற அவுரெலியோ கலெப்பினி சித்திரம் தீட்டினார். கதை நடக்கும் இடமோ அமெரிக்காவின் மேற்குப் பாலைவனம். டெக்ஸ் சட்டத்தைக் காக்கும் ரேஞ்சர். அதே சமயத்தில் நவஹோ இந்தியரின் தலைவரும் அவரே. ‘இரவுக் கழுகு’ என்பது அவர்கள் இட்ட பெயர். அநியாயத்தைக் கண்டால் பொறுக்கமாட்டார். நண்பர் கிட் கார்சனும், மகன் கிட்டும், டைகர் ஜாக் என்னும் நவஹோ வீரரும் துணைக்கு நிற்க, கொள்ளைக்காரர்களையும் ஊழல் அதிகாரிகளையும் விரட்டி விரட்டி அடிப்பார். 1985-இல் லயன் காமிக்ஸ் மூலமாக இவர் தமிழ் பேசத் தொடங்கினார். அன்று முதல் இன்று வரை தமிழ் வாசகர்கள் இவருக்குக் கொடுத்திருக்கும் இடம் வேறு எந்த வெளிநாட்டு வீரருக்கும் எளிதில் கிட்டாதது.

இப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கையிலே மெஃபிஸ்டோ என்று ஒரு பகைவன் குறுக்கிட்டான். முதன்முதல் வந்தபோது அவன் மேடையேறி வித்தை காட்டும் செப்பிடுவித்தைக்காரன். தங்கை லில்லி அவனுக்கு உதவி. வித்தை காட்டுவது வெளிவேஷம். மெக்ஸிகோவுக்காக ஒற்று வேலை செய்வதுதான் உண்மைத் தொழில். டெக்ஸ் அவனுடைய வேஷத்தைக் கலைத்தார். இதிலே வாசகருக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. கைவித்தைக்காரன் எந்த ஊர்ச் சந்தையில்தான் இல்லை? ஆனால் அதே ஆசாமி பின்னால் திரும்பி வந்தபோது நிஜமான மந்திரவாதியாக வந்தான்! தூரத்திலிருந்தே மனிதர் மனத்தைக் கலக்கினான். பொய்த் தோற்றங்களை எழுப்பினான். அவனுக்குப் பிறகு யாமா என்னும் மகனும் அதே தொழிலில் இறங்கினான். கதை, குதிரையின் குளம்படிச் சத்தத்தை விட்டுவிட்டுப் பில்லி சூனியத்தின் பக்கம் சாய்ந்தது.

இதைப் பற்றி வாசகர்கள் இரு கட்சி. ஈரோட்டுப் பக்கத்துப் பேச்சிலே சொன்னால் வாதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“ஏனுங்ணா, துப்பாக்கி புடிச்ச மனுசனுக்கு மந்திரவாதிகூட என்னங்க வேலை? காதுல பூச் சுத்தறதுக்கும் ஒரு அளவு வேண்டாங்களா?”

“அட போ தம்பி! நாலு பேரைச் சுட்டுப்போட்டு, அஞ்சாவது ஆளைத் தேடிக் குதிரையேறிப் போறதையே எத்தனை நாளைக்குப் பார்த்துட்டிருப்பே? மந்திரவாதி வந்தாத்தான் கொஞ்சமாச்சும் நெஞ்சு திக்குங்குது!”

இரண்டு பேரும் அந்த வீரனை நேசிக்கிறவர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். நேசம் இல்லாதவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காப்பி சாப்பிடப் போயிருப்பான். ‘என் வீரனை ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்கிறவன் உறவு கொண்டாடுகிறான்.

முதற் கட்சியாருக்கு ஒரு விஷயத்தை நினைவூட்டலாம். டெக்ஸ் தமிழில் முதன்முதலாக வந்த கதையின் பெயர் ‘தலைவாங்கிக் குரங்கு’. தலைப்பிலேயே திகில் வாடை வீசுகிறதல்லவா? தமிழ் நாட்டுக்குள் அவர் வலது காலை எடுத்து வைத்த வாசற்படியே சற்று இருட்டானதுதான்! இத்தாலியிலும் பொனெல்லி இருட்டை ஒதுக்கியவர் அல்லர். பூதப்பிரேத விஷயங்களை ஆராயும் எல் மொரிஸ்கோ என்னும் அறிஞரையே டெக்ஸுக்கு நண்பராக அவர் படைத்திருந்தார்.

பூச் சுற்றினாலும் பொறுத்துக்கொண்டவர்கள்

ஆனால் தமிழ்ச் சித்திரக் கதை வாசகர் மந்திர மாயத்துக்கே விரோதி என்று சொல்லிவிட முடியுமா? சரித்திரம் அதற்கு நேர் விரோதமாக இருக்கிறது.

முத்து காமிக்ஸ் 1972-ஆம் ஆண்டில் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது எது? ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுவதும் மறைந்துபோய், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் மனிதனின் கதை! 1962-இல் பிரிட்டனில் கென் பல்மர் எழுத, ஸ்பெயின் தேசத்து ஹேசூஸ் பிளாஸ்கோ அற்புதமாகச் சித்திரம் வரைந்தது. மின்சாரத்தைத் தொட்டால் மனிதன் மறைவானா என்று பௌதிக வாத்தியாரிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. கிராமத்துத் திண்ணையிலும் பள்ளிக்கூட மரத்தடியிலும் கை மாறி மாறிப் படித்து, அட்டை கிழிந்து, நூல் தெரியும் வரை படித்தார்கள்.

லயன் காமிக்ஸ் 1984-இல் பிறந்தது; அதே ஆண்டில் ‘எத்தனுக்கு எத்தன்’ என்ற கதையோடு ஸ்பைடர் வந்தான். அவன் கதையோ நம் வழக்குக்கு இன்னும் பொருத்தமானது. 1965-இல் டெட் கோவன் எழுதத் தொடங்கியபோது ஸ்பைடர், குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக விரும்பிய ஒரு திருடன். வலைத் துப்பாக்கியும் சில யந்திரங்களும் கையில் வைத்திருந்தான். மறு வருஷத்தில் கதை எழுதும் பொறுப்பு, ஸூபர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகலிடம் வந்தது. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? திருடன் நல்லவனானான், எதிரிகள் ஒருவரைவிட ஒருவர் விபரீதமானவர்களாக வந்தார்கள், கதை தரையை விட்டுக் கிளம்பி ஆகாயத்தில் பறந்தது. பூச் சுற்றல் என்றால் ஒரு முழம் இரண்டு முழம் அல்ல, ஒரு கூடை! 1984-இல் சிறுவராக இருந்த தமிழ் வாசகர் அந்தக் கூடையையும் சந்தோஷமாகத் தலையில் சுமந்தார். இன்று மறுபதிப்பைப் பிரிக்கும்போது அவருக்குச் சிரிப்பு வருகிறது. ஆனாலும் வாங்குகிறார், பத்திரமாக அலமாரியில் வைக்கிறார்.

அப்படியானால் மெஃபிஸ்டோவின் பேரில் மாத்திரம் கோபம் ஏன்?

மாதிரியும் மூட்டையும்

இதற்கு விடை ஈரோட்டு மஞ்சள் மண்டியிலேயே கிடைக்கிறது. அங்கே விவசாயி கொண்டுவந்த மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து வைத்திருப்பார்கள். வியாபாரி அதை உடைத்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பிறகு விலை எழுதுவார். மாதிரியில் கண்டது விரலி மஞ்சள், மூட்டையில் வந்தது கிழங்கு மஞ்சள் என்றால் சண்டை வரும். கிழங்கு மஞ்சள் கெட்ட சரக்கா என்ன? இல்லை; அதற்கும் கிராக்கி உண்டு. ஆனால் காட்டினது ஒன்று, கொடுத்தது ஒன்று என்பதுதான் குற்றம்.

கதையின் முதற் சில பக்கங்களே அந்த மாதிரி. ‘இந்த உலகத்தில் கை மறையும்’ என்று மாயாவியின் கதை முதலிலேயே சொல்லிவிடுகிறது. ‘இங்கே எதுவும் நடக்கும், கேள்வி கேட்காதே’ என்று ஸ்பைடர் கண்ணைச் சிமிட்டுகிறான். பொனெல்லியின் மகன் செர்ஜியோ 1961-இல் படைத்த ஸாகோர் என்னும் காட்டு வீரனின் கதையிலும் விசித்திரப் பிராணிகள் தாராளமாக வருகின்றன. டார்க்வுட் என்னும் அவனுடைய காடே அதற்காகப் பயிரிடப்பட்ட காடு. அங்கே ராக்ஷசன் வரவில்லையென்றால்தான் வாசகர் குறைப்படுவார். டெக்ஸ் காட்டிய மாதிரியோ வேறு: புழுதி, தாகம், துப்பாக்கி ரவை, நட்பு. ஆதலால் அவர் மூட்டையிலிருந்து மந்திரவாதி எட்டிப் பார்த்ததும், வாசகர் மூக்கைச் சுளிக்கிறார். கோபத்தின் முதற் காரணம் இது.

கொங்கு நாட்டு வாசகருக்கு இந்தக் கண்டிப்பு ஒரு பங்கு அதிகமாக இருந்தால் அதற்கும் நியாயம் உண்டு. கோயமுத்தூரிலிருந்தே எழுதி 1,500-க்கும் மேற்பட்ட நவீனங்களைக் குவித்த ராஜேஷ்குமாரின் குற்றக் கதைகளைப் படித்துப் பழகியவர் அவர். அந்தக் கதைகளில் விஞ்ஞானச் செய்திகள் தாராளமாக வரும். பேய் என்று பயங்காட்டினால், ‘கம்பி எங்கே ஒளிந்திருக்கிறது?’ என்று தேடிப் பார்க்கும் கண் இப்படித்தான் பழக்கமாகிறது.

ஆனால் மாதிரியை மீறியும் வாசகரின் மதிப்பைச் சம்பாதித்த கதை உண்டு. 1981-இல் குமுதத்தில் சுஜாதா எழுதிய ‘கொலையுதிர் கால’த்தை எடுத்துக்கொள்வோம். கணேஷ், வஸந்த் என்ற இரு வக்கீல்களும் தர்க்கத்துக்கும் கேலிக்கும் பேர்போனவர்கள். அவர்களைக் கொண்டுபோய் ஆவி நடமாடுவதாகச் சொல்லப்படும் பண்ணை வீட்டில் நிறுத்தினார் ஆசிரியர். விஞ்ஞானமா, அமானுஷ்யமா என்ற கேள்வி கதை முழுவதும் ஊசலாடுகிறது. விஞ்ஞான விளக்கம் அகப்பட்ட பிறகும் சந்தேகத்தின் ஒரு நூலிழை அறுபடாமல் தொங்குகிறது. ‘முடிவு என்ன?’ என்று கேட்போர் இன்றும் உண்டு. ஆனாலும் ‘ஏமாற்றிவிட்டார்’ என்று புத்தகத்தை வீசி எறிந்தவர் அதிகம் இரார். ஏன்? அமானுஷ்யம் அங்கே இனாமாக வரவில்லை. கணேஷின் அறிவுச் செருக்கே அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது.

இங்கேதான் இரண்டாவது சூட்சுமம் இருக்கிறது. மாதிரி மட்டும் போதாது, விலையும் வேண்டும்.

படுகளத்தின் பாடம்

இதை நமக்குச் சிவகாசியோ இத்தாலியோ கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கொங்கு நாட்டின் சொந்த வீர காவியமாகிய அண்ணன்மார் சுவாமி கதையே கற்றுக்கொடுக்கும்.

பொன்னர், சங்கர் என்னும் சகோதரர்களின் கதையை அறியாத கிராமம் இந்தப் பிரதேசத்தில் அபூர்வம். உடுக்கடித்துப் பல இரவுகள் பாடுவது மரபு. அதில் வயல் உழுகிறார்கள். பங்காளிச் சண்டை நடக்கிறது. எல்லைத் தகராறு வருகிறது. எல்லாம் நம் பக்கத்து வீட்டு வியவகாரம் போலவே இருக்கும். திடீரென்று தாய் தாமரை தவம் செய்து சிவபெருமானிடமே பிள்ளை வரம் கேட்கச் செல்வாள். கொம்பன் என்னும் பெரும் பன்றி பயிரை அழிக்கப் புறப்படும். அதை மடக்கப் பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு நாய் முன்வரும். தங்கையாகிய தங்காளுக்கு நடக்கப்போவது முன்கூட்டியே தெரியும். உழவு மாடும் கைலாயமும் ஒரே பாட்டில்! கேட்கிறவர்களில் ஒருவராவது, ‘இதென்னங்க காதுல பூ?’ என்று எழுந்து போனதுண்டா? இல்லை. கண்ணீர் விட்டார்கள், கை கூப்பினார்கள்.

காரணம், அந்தக் கதையில் தெய்வம் உதவுகிறது. ஆனால் கணக்கைத் தள்ளுபடி செய்வதில்லை. இத்தனை வரம் பெற்றுப் பிறந்த அண்ணன்மார் இருவரும் கடைசியில் படுகளத்தில் தம் வாளின்மீதே வீழ்ந்து மாய்கிறார்கள். தங்காள் அழுதுகொண்டு தேடி வந்து, தெய்வ அருளால் அவர்களை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் வீடு திரும்பிச் சுகமாக வாழ்ந்தார்களா? இல்லை. தங்கையிடம் சில வார்த்தை பேசிவிட்டு மீண்டும் போய்விடுகிறார்கள். உயிர்ப்பிக்கும் அற்புதம் நிகழ்ந்த பிறகும் துக்கம் துக்கமாகவே நிற்கிறது. ஆகையால்தான் மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போதும், கொங்குக் கிராமங்களில் படுகளம் நடக்கும்போதும், அருள் வந்து வீழ்கிறவர்களைப் பார்த்து ஜனங்கள் இன்றும் நெஞ்சு பதைக்கிறார்கள்.

இந்தக் கதை வேஷம் பல மாற்றியும் பிழைத்திருக்கிறது. கனடா தேசத்து மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, பாட்டுக்காரர் பாடியதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1982-இல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பிற்காலத்தில் அவருடைய முயற்சியாலேயே இதே கதை 26 பகுதிகள் கொண்ட சித்திரப் படமாகவும், தமிழிலும் ஆங்கிலத்திலும் சித்திரக் கதையாகவும் உருவாயிற்று. மு. கருணாநிதி ‘பொன்னர் – சங்கர்’ என்ற சரித்திர நவீனமாக எழுதினார். அது 2011-இல் திரைப்படமாகவும் வந்தது. உடுக்கைப் பாட்டில் தெய்வம் பெரிது. நவீனத்தில் மனிதர் பெரியவர். எந்த வேஷத்திலும் படுகளத்தை மாத்திரம் யாரும் தள்ளிவிட முடியாது. அதைத் தள்ளினால் கதையே இல்லை.

தீர்ப்பு

இனி மெஃபிஸ்டோவைக் கூண்டில் ஏற்றலாம். அவன் மந்திரம் செய்வது குற்றமா? அன்று. டெக்ஸ் பதிலுக்கு மந்திரம் செய்து ஜெயித்தாரா என்பதுதான் கேள்வி. நல்ல மெஃபிஸ்டோ கதைகளில் அவர் அப்படிச் செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத பகைவன் எதிரே அவரும் மற்றவர்களைப் போலத் தத்தளிக்கிறார். துப்பாக்கி பயனற்றுப் போகிறது. நண்பரின் துணையும் நெஞ்சுரமும் மிஞ்சுகின்றன. அவற்றைக் கொண்டே கரையேறுகிறார். இப்படிப்பட்ட கதையிலே வீரன் குறைந்துபோகவில்லை. அவனுடைய தைரியத்துக்குப் புதிய உரைகல் கிடைத்தது என்றே சொல்ல வேண்டும். மாறாக, சிக்கலை அவிழ்க்கத் தெரியாமல் ஆசிரியர் மாயத்தைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தில் முடிச்சை அறுத்துவிட்டால், அது எந்த வீரனின் கதையானாலும் வாசகர் கோபிப்பது நியாயமே.

இந்த வழக்கு வெறும் பொழுதுபோக்கு வழக்கு அன்று. தமிழ்ச் சித்திரக் கதைக்கு லக்ஷக்கணக்கில் வாசகர் இல்லை. பெரும்பாலும் முன்கூட்டிச் சந்தா கட்டும் ஒரு சிறு குடும்பத்தை நம்பியே அந்த அச்சு யந்திரம் சுழல்கிறது. ஆண்டுக்கு ஆண்டு எந்தக் கதை வர வேண்டும், எது வேண்டாம் என்பதில் வாசகர் கடிதத்துக்குப் பெரிய தேசத்துப் பிரசுராலயங்களில் இல்லாத அதிகாரம் இங்கே உண்டு. நூறு பேர் உரக்க முணுமுணுத்தால் ஒரு வகைக் கதையே தமிழில் வராமல் நின்றுபோகலாம். முணுமுணுக்கிறவர் நாற்பது வருஷம் படித்துத் திகட்டியவர். ஆனால் வீட்டில் பத்து வயதுப் பையனோ பெண்ணோ, மிதந்து வரும் ஓர் இரும்புக் கையை இன்னும் காணாமலே இருக்கிறது. அந்தக் குழந்தை ஒரு ராத்திரியாவது போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தமிழில் பயப்பட வேண்டாமா?

ஆகவே கோபிக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடிதம் எழுதுங்கள்; தாராளமாகக் கோபியுங்கள். ஆனால் ‘மந்திரம் வேண்டாம்’ என்று எழுதாதீர்கள். ‘காட்டிய மாதிரிப்படி கொடுங்கள், அற்புதம் நடந்தால் அதற்கு உரிய விலையை வீரனிடம் வாங்குங்கள்’ என்று எழுதுங்கள். மண்டிக்குப் போகிற விவசாயியும் வியாபாரியும் அதைத்தானே செய்கிறார்கள்? சரக்கை உடைத்துப் பார்க்கிறார்கள். பிடிக்காவிட்டால் விலையைக் குறைக்கிறார்கள். மண்டியை மூடச் சொல்வதில்லை.